ரெண்டு தடவ போன் பண்ணாரே, எடுத்தியா?

கேள்வி: அக்கா, நான் திருச்சி பொண்ணு, மெல்பர்ன்ல பிஎச்டி மூணாவது வருஷம். மத்திய ஆஸ்திரேலியா பாலைவனத்துல இருக்க பழங்குடி மக்களோட சடங்குப் பாட்டு பத்தி ஆராய்ச்சி. 1930கள்ல எடுத்த பிலிம், டைரி எல்லாம் ஒரு மியூசியத்துல இருக்கு. பாக்க அனுமதி கேட்டு எட்டு மாசமாச்சு. சிலத ஆம்பளைங்க மட்டும்தான் பாக்கலாமாம், மத்ததுக்கு அந்த ஊர் பெரியவங்க சம்மதம் வேணுமாம். நடுவுல அந்த ஊர்லேர்ந்து ஒரு பெரியவர் ரெண்டு தடவ போன் பண்ணாரு, நான் கிளாஸ்ல இருந்தேன், வாய்ஸ்மெயில்ல நீ யாரு, உங்க குடும்பம் எந்த ஊருன்னு ஏதோ கேட்டிருந்தாரு, ஈமெயில் அனுப்புங்கன்னு மெசேஜ் போட்டேன். அப்புறம் பதிலே இல்ல. ஸ்காலர்ஷிப் மார்ச்சோட முடியுது. பொண்ணுங்கறதுக்காக தடுக்கறது நியாயமா? மேல யார்கிட்ட புகார் பண்றது? (பெயர் வேண்டாம்)

பதில்: புகார் எல்லாம் இருக்கட்டும். அந்த போன் விஷயத்துக்கு வா.

எட்டு மாசமா பதிலே இல்லன்னு எழுதற, அதே லெட்டர்ல ரெண்டு தடவ போன் வந்துச்சுன்னும் எழுதற. அதுதான்மா பதில். யாரோட தாத்தன் பாட்ட நீ கேக்கறியோ அந்த மனுஷனே உன்ன கூப்பிட்டிருக்காரு, அதுவும் ரெண்டு தடவ, நீ என்னடான்னா பேங்க் கஸ்டமர் கேர்ல சொல்ற மாதிரி ஈமெயில் அனுப்புங்கன்னு சொல்லியிருக்க. உங்க ஊர்ல ஒரு பெரியப்பா கூப்பிட்டு மிஸ்ட் கால் ஆச்சுன்னா இப்படி மெசேஜ் போடுவியா? போட்டா உங்கம்மா சும்மா விடுவாங்களா?

"ஏதோ கேட்டிருந்தாரு"ன்னு எழுதியிருக்க பாரு, அந்த ஏதோதான் மொத்த இன்டர்வியூவும். நீ யாரு, உன் ஆளுங்க யாரு, எந்த மண்ணுன்னு கேக்காம அங்க எந்தப் பேச்சும் ஆரம்பிக்காது, உனக்கு அவங்க என்ன முறை, உன்கிட்ட எத சொல்லலாம் எத சொல்லக்கூடாதுங்கறது எல்லாம் அந்த பதில வச்சுதான். நம்ம கிராமத்துல திண்ணைல உக்காந்திருக்கவங்க "யாரு வீட்டுப் பொண்ணு நீ"ன்னு கேப்பாங்களே, அதேதான், ஆனா அங்க அதுதான் சட்டமே.

இவங்க இவ்வளவு உஷாரா இருக்கறதுக்கு காரணம் உன்ன மாதிரி படிச்சவங்கதான். மவுன்ட்போர்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1940ல பிட்ஜன்ஜட்ஜாராங்கற பாலைவனப் பழங்குடி ஆம்பளைங்க நம்பி காட்டினத எல்லாம் 1976ல புத்தகமா போட்டாரு. சடங்கு முடிக்காத பசங்களும் பொம்பளைங்களும் கண்ணுல பட்டா குடும்பமே குலைஞ்சு போகும்னு கோர்ட்டுக்குப் போனாங்க, ஆஸ்திரேலியாவோட வடக்குப் பிரதேச (நார்தர்ன் டெரிட்டரி) உச்ச நீதிமன்றம் அங்க விக்கக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. ஸ்ட்ரெலோன்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், அவர் கதை இன்னும் மோசம். ஹெர்மன்ஸ்பர்க் மிஷன்ல அரெண்டா பழங்குடிப் பசங்களோட விளையாடி வளந்தவரு, அவங்க பாஷை இவருக்கு தாய்மொழி மாதிரி, கிழவங்க மகனா நினைச்சு எல்லாத்தையும் குடுத்தாங்க, கடைசில 1978ல ரகசிய சடங்கு போட்டோக்கள ஒரு ஜெர்மன் பத்திரிகைக்கு வித்துட்டாரு. மகன் மாதிரி இருந்தவரே இப்படின்னா, போன் எடுக்காத உன்ன எத வச்சு நம்பறது?

பொண்ணுங்கறதால தடுக்கறாங்கன்னு கேட்டியே. கோயில்ல பொம்பளைங்கள தடுத்தா எனக்கும் ரத்தம் கொதிக்கும், அது என் கோயில், நான் சண்டை போடலாம். இது உன் வீடு இல்ல. அதோட அங்க பொம்பளைங்களுக்குன்னு தனி சடங்கு, தனி பாட்டு இருக்கு, அத எந்த ஆம்பளையும் எட்டிப் பாக்க முடியாது, அது தெரியாமலா மூணு வருஷம் படிச்ச? அந்த ஊர் பாட்டிங்க கிட்ட ஒரு தடவையாவது கேட்டியா, எங்கிட்ட நீங்க என்ன பேச விரும்பறீங்கன்னு?

இன்னொண்ணு, அந்த பிலிம்ல இருக்கவங்க எல்லாம் செத்துப் போனவங்க. செத்தவங்க பேர சொல்றதும் உருவத்த காட்டறதும் அங்க பல ஊர்ல ஆகாது, அதனாலதான் ஆஸ்திரேலியா டிவில ப்ரோக்ராமுக்கு முன்னாடி எச்சரிக்கை போடறான், நீ பாத்திருப்ப. ஊர்ல ஒரு சாவு விழுந்தா வாரக்கணக்குல கூட எல்லா வேலையும் நின்னுடும், அதுக்கு அவங்க இங்கிலீஷ்ல சாரி பிசினஸ்னு பேரு. உனக்கு பதில் வராததுக்கு அது கூட காரணமா இருக்கலாம், ஸ்காலர்ஷிப் தேதி சாவுக்கு தெரியுமா?

யூனிவர்சிட்டி எதிக்ஸ் கமிட்டி ஓகே சொல்லிடுச்சுன்னு வேற நினைச்சிட்டு இருப்ப. அது யூனிவர்சிட்டியோட ஓகே, ஊரோட ஓகே இல்ல. கான்பெரால இருக்க ஐயாட்சிஸ், அதாவது பழங்குடி ஆய்வுக்கான தேசிய நிறுவனம், 2020ல போட்ட நெறிமுறைய எடுத்துப் படி, சம்மதம்ங்கறது ஒரு கையெழுத்து வாங்கி பைல்ல வைக்கற சமாச்சாரம் இல்லன்னு அதுல இருக்கு, கேட்டுக்கிட்டே இருக்கணும், வேணாம்னா நிறுத்தணும். மியூசியத்துல யார்கிட்ட போய் மல்லுக்கட்டினாலும் சாவி அவங்க கையில இல்ல. தடை இல்லாத பகுதி எதுன்னு மட்டும் அவங்கள கேளு, அதுல தீசிஸ் நிக்குமான்னு கைடோட உக்காந்து பேசு, நிக்காதுன்னா தலைப்ப மாத்து இல்ல டைம் நீட்டிக்க கேளு, இது முதல் வருஷமே பண்ணியிருக்க வேண்டியது.

அதெல்லாம் அப்புறம். முதல்ல போன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம்னா அங்க மணி மெல்பர்ன விட அரை மணி பின்னாடி, கோடைன்னா ஒன்றரை மணி, பாத்து பண்ணு. கிளாஸ்ல இருந்தேன், எடுக்கல, தப்புதான்னு சொல்லு. அவர் எடுக்கலன்னா வாய்ஸ்மெயில்ல உங்கப்பா பேரு, அம்மா பேரு, பாட்டி பொறந்த ஊரு, காவேரிக் கரைன்னு சொல்லிட்டு வச்சிடு. பாட்ட பத்தி ஒரு வார்த்த பேசாத.