பயங்கரவாதத்தை ஒடுக்க ட்ரோன் தாக்குதல்கள் சரியான வழியா? பாதுகாப்புக்காக உரிமைகளை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். படையை இறக்கி ஒரு ஊரையே தரைமட்டமாக்குவதைவிட ஒரு வீட்டை மட்டும் குறிவைப்பது மேல், ஆகவே ட்ரோன் சரிதான் என்று. அந்த வாதத்தை இன்றும் நான் முழுதாகக் கைவிடவில்லை. ஆனால் மேகத்தைப் பற்றி இரண்டு பேர் சொன்னதைப் படித்த பிறகு பதில் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

ஒருவர் ஒசாமா பின்லாடன். பாகிஸ்தானில் அவர் பதுங்கியிருந்த அபோட்டாபாத் வீட்டில் கைப்பற்றிய கடிதங்களில் சிலவற்றை 2012இல் அமெரிக்கா வெளியிட்டது. 2010இல் எழுதிய ஒரு கடிதத்தில், பாகிஸ்தானின் ஆப்கன் எல்லையோரப் பகுதியான வஜீரிஸ்தானில் இருக்கும் தன் ஆட்களில் பெரும்பாலானோரை அங்கிருந்து வெளியேற்றிவிடலாம் என்று அவர் யோசிக்கிறார். மேகம் அடர்ந்திருக்கும்போது மட்டும் நகருங்கள் என்றும் சொல்கிறார். ட்ரோன்களால் எந்தப் பயனும் இல்லை என்பவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். அல்-காய்தாவுக்கு அவை உண்மையிலேயே கிலியை ஏற்படுத்தியிருந்தன.

இன்னொருவன் 13 வயதுச் சிறுவன். 2012 அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானில், வயலில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த அவனுடைய பாட்டி ட்ரோன் ஏவுகணைக்குப் பலியானார். அவனுக்குக் காலில் காயம். ஓராண்டு கழித்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் அவன் பேசினான். தனக்கு இப்போது நீல வானம் பிடிப்பதில்லை, சாம்பல் நிற வானம்தான் பிடிக்கிறது, வானம் மூடியிருந்தால் ட்ரோன் பறக்காது என்றான். மொத்தம் 535 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அதைக் கேட்க வந்தவர்கள் ஐந்து பேர்.

உலகத்தின் முதல் குற்றவாளியும் வெண்டைக்காய்த் தோட்டத்துச் சிறுவனும் ஒரே மேகத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்கள்!

பாதுகாப்பையும் உரிமையையும் பற்றிப் பேசும்போது எல்லோரும் தராசைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். இந்தத் தட்டில் கொஞ்சம் எடுத்து அந்தத் தட்டில் போடு என்கிறார்கள். இரண்டு தட்டும் ஒருவர் வீட்டிலேயே இருந்தால் சரி. இங்கே பாதுகாப்பு கிடைப்பது வாஷிங்டனில் இருப்பவருக்கு, உயிரும் உரிமையும் போவது வஜீரிஸ்தானில் இருப்பவருக்கு. அடுத்தவர் வீட்டுப் பணத்தில் சிக்கனம் பேசுவது போலத்தான் இது.

நான் பார்ப்பது தரவுகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட இரண்டு பேரை எங்கள் கணினி ஒருவராக்கி, அதில் ஒருவருடைய கணக்கை ஒருமுறை முடக்கிவிட்டது. அவர் தொலைபேசியில் கத்தினார். கத்தியதால்தான் தவறே எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு நாளில் சரிசெய்தோம். எந்தப் பட்டியலிலும் தவறான பெயர்கள் இருக்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். ஆகவே தவறு நடக்கிறதா என்று நான் கேட்பதில்லை. கத்துவதற்கு ஒரு தொலைபேசி எண் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

வஜீரிஸ்தானில் அது இல்லை. அங்கே நடந்த தாக்குதல்கள் பலவற்றில், கொல்லப்படுபவரின் பெயர்கூடச் சுடுபவருக்குத் தெரியாது. நடமாட்டத்தை வைத்தே முடிவெடுத்தார்கள்: ஆயுதம் தாங்கிய ஆண்கள், சந்தேகத்துக்குரிய வண்டி, ஓரிடத்தில் கூட்டம். 2011 மார்ச் 17 அன்று தத்தா கேல் என்ற ஊரில் குரோமைட் சுரங்கத் தகராறு ஒன்றைத் தீர்க்க ஜிர்கா, அதாவது ஊர்ப் பஞ்சாயத்து, கூடியிருந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். உள்ளூர் ராணுவ முகாமுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் கூடினோம் என்றார்கள் தப்பியவர்கள். இறந்தவர்கள் தீவிரவாதிகளே என்று அமெரிக்க அதிகாரிகள் சாதித்தார்கள். மேலிருந்து பார்த்தால் பஞ்சாயத்தும் சதியாலோசனையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காபூல் கதை வேறு மாதிரி முடிந்தது. 2021 ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாசலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அமெரிக்க வீரர்கள் 13 பேரும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள். மறுபடியும் தாக்குவார்கள் என்ற பதற்றத்தில், மூன்றாம் நாள் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவை ட்ரோன்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊழியர். வண்டியில் அவர் ஏற்றியவை தண்ணீர் கேன்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவை வெடிபொருளாகத் தெரிந்தன. வீட்டு முற்றத்துக்குள் கார் நுழைந்ததும் ஏவுகணை விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள்.

நியாயமான தாக்குதல் என்றுதான் ராணுவம் முதலில் சொன்னது. பத்திரிகையாளர்கள் அந்த வீட்டுக்கே போனார்கள், அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். செப்டம்பர் 17 அன்று ராணுவம் தவறை ஒப்புக்கொண்டது. யாரையும் தண்டிக்கவில்லை என்பது வேறு விஷயம். நான் கவனிப்பது இதைத்தான்: அது தலைநகரம், உலகமே பார்த்துக்கொண்டிருந்த வாரம், ஆகவே உண்மை மூன்றே வாரத்தில் வந்தது. மலைக்கிராமத்தில் விழுந்திருந்தால் தண்ணீர் கேன் இன்றுவரை வெடிபொருளாகவே இருந்திருக்கும்.

2009 முதல் 2015 வரை, ஆப்கானிஸ்தான், இராக், சிரியா தவிர்த்த இடங்களில் 473 தாக்குதல்கள் நடத்தியதாகவும், 64 முதல் 116 வரை அப்பாவிகள் இறந்திருக்கலாம் என்றும் ஒபாமா அரசு 2016இல் கணக்குக் கொடுத்தது. வெளியிலிருந்து எண்ணியவர்களின் கணக்கு இதைப்போலப் பல மடங்கு. ஆண்டுதோறும் இப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றிருந்த உத்தரவையும் 2019இல் டிரம்ப் நீக்கிவிட்டார்.

சொந்தக் குடிமகன் என்றாலாவது வேறு மாதிரியா? அன்வர் அல்-அவ்லாகி நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்தவர். யேமனில் இருந்துகொண்டு தாக்குதல்களைத் தூண்டியவர். அவர்மேல் எனக்குப் பரிதாபம் இல்லை. மகனைக் கொல்லும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தந்தை வழக்குப் போட்டார். 2010 டிசம்பரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். தன் முடிவு ஓரளவு மனதை உறுத்துவதாகத் தீர்ப்பிலேயே எழுதினார், ஆனாலும் தள்ளுபடிதான். 2011 செப்டம்பர் 30 அன்று அவ்லாகி கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, வேறொரு தாக்குதலில், 16 வயதான அவருடைய மகனும். அந்தப் பையன் பிறந்தது டென்வரில்.

என் பதில் இதுதான். 2022இல் காபூலில் அல்-காய்தா தலைவர் அய்மான் அல்-ஜவாஹிரியை மாடத்தில் வைத்துக் கொன்றார்களே, அதுபோன்ற ஒன்றுக்கு நான் கொடி பிடிக்கப் போவதில்லை. ஆள் யார் என்று உறுதியாகத் தெரிந்தது, உடன் யாரும் சாகவில்லை என்றார்கள். ஆனால் பட்டியல் போடுபவர், தீர்ப்புச் சொல்பவர், சுடுபவர், பிறகு பிணத்தை எண்ணுபவர் எல்லாமே ஒரே அரசு நிர்வாகம் என்றால் அதை ஏற்க மாட்டேன். வெளியாள் ஒருவர் உள்ளே வந்து ஏட்டைப் புரட்ட வழி இருக்க வேண்டும்.

அதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஏவுகணையே இல்லாத ஒரு வழக்கைச் சொல்கிறேன். மலேசியாவைச் சேர்ந்த ஒரு பெண் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். 2005 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், 14 வயது மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு விலங்கு பூட்டினார்கள். விமானத்தில் ஏறத் தடைசெய்யப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. காரணம் கேட்டார். தேச ரகசியம் என்றது அரசு. விடாமல் வழக்கு நடத்தினார். 2013இல், அவர் பெயரைப் பட்டியலுக்கு அனுப்பிய எஃப்.பி.ஐ. அதிகாரியை விசாரித்தபோதுதான் தெரிந்தது, 2004இல் படிவத்தை நிரப்பும்போது கட்டங்களை நேர்மாறாகப் புரிந்துகொண்டு டிக் அடித்துவிட்டார் என்று. தன் தவறு அந்த அதிகாரிக்கே அன்றுவரை தெரியாது.

2013 டிசம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சி சொல்லப் புறப்பட்டவர்களில் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இன்னொரு மகளும் ஒருவர். கோலாலம்பூரில் அவரையும் விமானத்தில் ஏறவிடவில்லை.