ஒரே நாளில் மூன்று பேர் பார்த்தாலும் ஒரே தொகைதானா?

கேள்வி: மினியாபொலிஸில் மனநலம், போதை மீட்பு இரண்டுக்கும் சிகிச்சை தரும் சிறிய மையத்தில் கணக்குப் பார்க்கிறேன். இதுவரை மெடிக்கெய்டுக்கு (வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி பில் அனுப்பினோம். இப்போது சி.சி.பி.எச்.சி. (சான்று பெற்ற சமூக மனநல, போதை மீட்பு மையங்கள்) திட்டத்தில் சேரப்போகிறோம். நோயாளியை ஒரே நாளில் டாக்டர், கவுன்சிலர், நர்ஸ் மூவரும் பார்த்தாலும் ஒரே தொகைதான் வருமாம். நஷ்டம் வராதா?

பதில்: ஆமாம், ஒரே தொகைதான். ஆனால் அது எவ்வளவு என்பது நீங்கள் தயாரிக்கும் செலவு அறிக்கையில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் நஷ்டம் வராது.

2014இல் வந்த சட்டப்படி 2017இல் எட்டு மாநிலங்களில் இந்தச் சோதனைத் திட்டம் தொடங்கியது. மினசோட்டா அதில் ஒன்று. நியூ ஜெர்சியும் ஓக்லஹோமாவும் நோயாளிக்கு மாதம் ஒரு தொகை என்ற முறையைத் தேர்ந்தெடுத்தன. உங்கள் மாநிலம் உட்பட மற்ற ஆறும் நோயாளி வரும் நாளுக்கு ஒரு தொகை என்ற முறையை எடுத்தன.

கணக்கு எளிது. ஆண்டு முழுவதும் ஆகும் ஏற்கத்தக்க செலவை, நோயாளிகள் வந்த நாட்களின் மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 60 லட்சம் டாலர் செலவு, 20,000 வருகை நாட்கள் என்றால் நாளுக்கு 300 டாலர். மூவர் பார்க்கும் நாளிலும் 300, நர்ஸ் மட்டும் பார்க்கும் நாளிலும் 300.

பழைய முறையின் பெரிய அநியாயம் இங்கேதான் தீர்கிறது. புப்ரெனார்ஃபின் என்ற போதை மீட்பு மருந்தை வாங்க வரவேண்டிய பெண் வரவில்லை. கேஸ் மேனேஜர் மூன்று முறை போன் செய்கிறார், அப்புறம் அவர் தங்கியிருக்கும் விடுதிக்கே போய்ப் பேசி அழைத்து வருகிறார். ஒன்றரை மணி நேரம். ஒருவரின் உயிரையே காக்கக்கூடிய இந்த வேலையில் பெரும்பகுதிக்குத் தனி பில் போட வழியே இருந்ததில்லை. இப்போது கேஸ் மேனேஜரின் சம்பளம் மொத்தச் செலவில் சேரும். ஆனால் எழுதி வைத்தால்தான் சேரும். நான் உதவிய ஒரு மையத்தில் போனில் கழித்த மணிகளை யாரும் குறிக்கவில்லை. எது இந்தத் திட்டத்துக்கான வேலை என்று பிரித்துக் காட்ட முடியாமல் அந்தச் செலவை விட்டுவிட நேர்ந்தது. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

வருகை நாட்களை எண்ணும்போது மெடிக்கெய்டுகாரர்களை மட்டும் எண்ணாதீர்கள். காப்பீடே இல்லாதவர் வந்த நாளும் சேர வேண்டும். விட்டால் தொகை வீங்கித் தெரியும். சரிபார்ப்பில் திரும்பி வரும். 24 மணி நேர நெருக்கடிச் சேவையைப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால், எதிர்பார்க்கும் செலவையும் கூடப்போகும் வருகைகளையும் சேர்த்தே காட்டுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். தொகை கூடுமே என்று ஒரே நாளில் முடியும் வேலையை மூன்று நாளுக்குப் பிரிக்கச் சொல்வார்கள். மூன்று முறை பஸ் ஏறி வரவேண்டிய நோயாளி இரண்டாம் முறையே நின்றுவிடுவார். போதையிலிருந்து மீள்பவருக்கு அந்த இடைவெளி ஆபத்தானது. மேலிடத்தில் யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

இந்த வாரமே கேஸ் மேனேஜர்களிடம் நேரக் குறிப்புத் தாளைக் கொடுங்கள். போன், பயணம், காத்திருப்பு என்று தனித்தனிக் கட்டம் போட்டு.