அவருக்கு ஜீப் சத்தம் கேட்டதே

அன்புள்ள அக்கா,

கொரோனா ஊரடங்கில் சாராயக் கடைகளைப் பூட்டியதும் என் மனுசன் கசிப்புக்கு, கள்ளச்சாராயத்துக்குப் பழகினார். மேசன் வேலையும் இல்லை. பிள்ளைகள் படுத்ததும் என்னிடம் வருவார். வேண்டாம் என்றால் அடி. பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் போத்தலை விறகுக்குள் ஒளித்துவிட்டு நல்ல பிள்ளை மாதிரி இருப்பார். மிட்வைஃபும் வர முடியாத நேரம். மூன்றாவது பிள்ளை தங்கிவிட்டது. இப்போது வேலைக்குப் போகிறார், கசிப்பை விடவில்லை. “அது காலம் செய்த வேலை, மறந்து போ” என்கிறார் மாமி. என்னால் முடியவில்லை. பிழை என்னிலா?

பெயர் வேண்டாம், படுவான்கரை

அன்புள்ள தங்கச்சி,

உங்களில் ஒரு பிழையும் இல்லை.

மாமி சொல்வதில் பாதி சரி. 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியது. சாராயக் கடைகள் மே நடுப்பகுதி வரை பெரும்பாலும் பூட்டு. நாட்கூலிக்காரர் வெறுங்கையோடு வீட்டில் இருந்தார்கள். சீனியும் ஈஸ்டும் கிடைத்த இடங்களில் கசிப்புக் காய்ச்சக் கோடா ஊறியது. அவர் குடித்ததற்குக் காலத்தையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

அடித்ததற்கும் பலவந்தப்படுத்தியதற்கும் அப்படிச் சொல்ல ஏலாது. அந்த ஜீப் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெறியில் புத்தி போயிருந்தால் ஜீப் சத்தம் எப்படிக் காதில் விழுந்தது? போத்தலை விறகுக்குள் வைக்க எப்படித் தெரிந்தது? உங்கள் “வேண்டாம்” அவருக்குக் கேட்டது. அதற்குப் பயப்படத் தேவையில்லை என்று நினைத்தார், அவ்வளவுதான். அதே நாட்களில் அதே கஷ்டத்தில், கவலையில் ஆசையே அற்றுப்போய்த் தள்ளிப் படுத்த ஆண்களும் இருந்தார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றிலும், அந்த மாதங்களில் உடலுறவு குறைந்துபோனதாகவே நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது சட்டத்தை நினைத்துத்தான். நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவில், நீதிமன்றம் பிரித்து வைத்த மனைவியைப் பலவந்தப்படுத்தினால்தான் அது வல்லுறவு. ஒரே வீட்டில் வாழும் மனைவிக்கு அந்தப் பெயரில் வழக்கில்லை. இதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அடிக்கு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938க்கு அழையுங்கள். மட்டக்களப்புக்கு வர முடிந்தால் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்துக்குப் போங்கள்.

அப்புறம், கசிப்பை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று விட்டால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விட நினைத்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டட்டும். மாமி கூட்டிப் போகட்டும். அந்தச் சுமையும் உங்கள் தலையில் வேண்டாம்.

நீங்கள் முதலில் மிட்வைஃபைப் பாருங்கள். பிள்ளை தங்காமலிருக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி பல வருடம் நிற்கும். சின்னவனின் கிளினிக் நாளிலேயே கேளுங்கள். எங்கே போகிறாய் என்று வீட்டில் யாரும் விசாரிக்க மாட்டார்கள்.