ஹோர்யூஜிக்கு எத்தனை வயது? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: ஜப்பானிய பௌத்தக் கோயில்களைப் பற்றி ஒரு தொடர் எழுத ஆசை. நாராவில் இருக்கும் ஹோர்யூஜியிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தால் ஒரு புத்தகம் 607 என்கிறது, இன்னொன்று 711 என்கிறது, மூன்றாவது 594-ல் வெட்டிய மரம் என்கிறது. எதை எழுதுவது?

பதில்: மூன்றையும் எழுதுங்கள். உங்கள் தொடரின் முதல் அத்தியாயமே கையில் வந்து விழுந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

607 என்பது இளவரசர் ஷோதொகு காலத்தில் கோயில் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் ஆண்டு. அந்தக் கோயில் 670-ல் ஒரு கட்டடம்கூட மிஞ்சாமல் எரிந்துபோனது என்று ‘நிஹோன் ஷோகி’ என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. 1905-ல் இதை வைத்து ஆய்வாளர்களுக்குள் பெரிய வாதமே கிளம்பியது. கட்டடக்கலை ஆய்வாளர் செகினோ தடாஷி தூண்களையும் இடைவெளிகளையும் அளந்து பார்த்து, இது 645-ம் ஆண்டின் அரசுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அளவுகோலில் கட்டியது, ஆகவே எரியவே இல்லை என்றார். வரலாற்றாசிரியர் கிதா சதாகிச்சியோ நூலில் இருப்பதுதான் உண்மை, எரிந்தது எரிந்ததுதான் என்று நின்றார். கடைசியில் மண்தான் தீர்ப்புச் சொன்னது. 1939-ல் வளாகத்துக்குள்ளேயே வகாகுசா என்ற இடத்தைத் தோண்டியபோது வேறொரு கோயிலின், அதாவது எரிந்துபோன முதல் கோயிலின், அடித்தளம் கிடைத்தது, அதுவும் இன்றைய கோயிலின் திசைக்கு ஒத்துவராமல் திரும்பி நிற்கிற அடித்தளம்.

ஆக, இன்று நாம் பார்க்கும் தங்க மண்டபமும் (முதன்மை மண்டபத்துக்கு அதுதான் பெயர்) ஐந்தடுக்குக் கோபுரமும் தீக்குப் பிறகு, 7-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் எழுந்தவை. கோபுரத்தின் தரைத்தளத்தில் இருக்கும் களிமண் சிற்பங்கள் செய்த ஆண்டு 711. அப்புறம் 2001-ல் இன்னொரு குழப்பம்: கோபுரத்தின் நடுத்தூணில் மர வளையங்களை அளந்து பார்த்தவர்கள், அந்த மரம் 594-ல் வெட்டப்பட்டது என்று அறிவித்தார்கள். வேறு கட்டடத்திலிருந்து எடுத்து வந்த தூணா, வெட்டி வைத்திருந்த மரமா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். உலகிலேயே பழைய மரக் கட்டடம் என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டால் இவ்வளவும் போய்விடும். எந்தக் கோயிலானாலும் ‘இதற்கு எத்தனை வயது’ என்று கேட்காமல் ‘இதில் எந்தப் பகுதிக்கு எத்தனை வயது, அது நமக்கு எப்படித் தெரிந்தது’ என்று கேட்டுப் பழகுங்கள்.

கேள்வி: ஜப்பானில் கோயில்களை 20 வருடத்துக்கு ஒருமுறை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களாமே, அப்புறம் எப்படி அது பழமை?

பதில்: இது திரும்பத் திரும்ப வரும் தவறு. அது இசேயில் உள்ள, ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் ஆலயத்தின் வழக்கம், கடைசியாக 2013-ல் 62-வது முறையாக நடந்தது. பௌத்தக் கோயில்களை அப்படி யாரும் செய்வதில்லை. அங்கே நடப்பது வேறு: கட்டடத்தை மரம் மரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, சோதித்து, திரும்பப் பூட்டுவது. நாராவில் தோஷோதைஜியின் தங்க மண்டபத்தை 2000-ல் தொடங்கி 2009 வரை இப்படித்தான் செய்தார்கள்.

தூணின் அடி உளுத்திருந்தால் உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, முடிந்தவரை அதே வகை மரத்தில் புதுத் துண்டைப் பொருத்து வைத்துக் கோர்ப்பார்கள். புதுத் துண்டில், வெளியே தெரியாத பக்கமாக, பழுது பார்த்த ஆண்டைச் சூட்டுமுத்திரையாகப் பதித்துவிடுவார்கள். நூறு வருடம் கழித்துப் பிரிப்பவர் எது பழசு எது புதுசு என்று ஏமாறக் கூடாது என்பதற்காக. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

பிரிக்கும்போதுதான் கட்டடம் பேசும். பழைய பலகையில் பெரிய ரம்பத்தின் தடம் இருக்காது, ஏனென்றால் நீளவாக்கில் அறுக்கும் ரம்பம் பரவுவதற்கு முன் ஆப்படித்துப் பிளந்துதான் பலகை எடுத்தார்கள். மேற்பரப்பில் இலை இலையாகச் சிற்றலைகள் தெரிந்தால் அது யாரிகன்னா என்ற ஈட்டி போன்ற இழைப்புக் கருவியின் வேலை. வழக்கொழிந்துபோயிருந்த அந்தக் கருவியை ஹோர்யூஜியின் தச்சர் நிஷியோகா த்சுனேகாசு (1908–1995) மீட்டெடுத்தார். காலியாகக் கிடக்கும் ஆணித்துளை, கைவிடப்பட்ட பொருத்து, உத்தரத்தின் மறைவில் தச்சர் மையால் கிறுக்கிய ஆண்டு, எல்லாமே சான்றுதான். வேலை முடிந்ததும் இவற்றையெல்லாம் வரைபடங்களோடு பழுதுபார்ப்பு அறிக்கையாக அச்சிடுவார்கள். சுற்றுலாக் கையேட்டை மூடிவிட்டு அந்த அறிக்கையைத் தேடுங்கள்.

கேள்வி: பாதுகாப்புச் சட்டம் பற்றியும் எழுத வேண்டும். வறட்சியாக இருக்குமோ என்று பயம்.

பதில்: தீயிலிருந்து தொடங்கினால் வறட்சியாக இருக்காது. 1897-லும் 1929-லும் சட்டங்கள் வந்திருந்தும் 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜியின் தங்க மண்டபத்தில் தீப்பிடித்து, புகழ்பெற்ற சுவரோவியங்கள் கருகின. பழுது பார்க்க மேல்தளத்தைப் பிரித்து வைத்திருந்ததால் அந்த மரங்கள் தப்பின. 1935-லேயே ஓவியங்களைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து வைத்திருந்ததால் சுவரில் வண்ணம் போனாலும் ஓவியங்களின் உருவம் நமக்கு மிஞ்சியது. மறு வருடமே, 1950-ல், கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜனவரி 26-ல் இன்றும் நாடு முழுவதும் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

சட்டம் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை, அதுதான் அதன் சிறப்பு. 1975-ல் திருத்தம் செய்து கைத்தொழில்களையும் காப்பில் சேர்த்தார்கள். ஹினோகி என்ற சைப்ரஸ் வகை மரத்தின் பட்டையால் வேய்ந்த கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டாமல், உயிரோடு நிற்கும் மரத்திலிருந்தே பட்டையை உரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். உரித்த மரத்தில் மீண்டும் நல்ல பட்டை வரச் சுமார் பத்து வருடம் ஆகும், வேய்ந்த கூரையோ முப்பது நாற்பது வருடத்தில் மாற்றியாக வேண்டும். உரிப்பவர், வேய்பவர், மூங்கில் ஆணி செய்பவர் மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தக் கூரை இல்லை. 2020-ல் யுனெஸ்கோ இத்தகைய 17 கைத்திறன்களை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: ஜப்பானிய மொழி தெரியாமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தொடங்கலாம். அறிக்கைகளில் பாதி வரைபடமும் புகைப்படமும்தான், குறுக்குவெட்டுப் படத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வாதம் செய்கிற இடத்துக்கு வந்துவிட்டால் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தப் பத்தியையாவது முழுதாகப் படித்துக் கேளுங்கள். பல மண்டபங்களுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது, எனவே நேரில் போகும்போது நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், போதிகை (தூணின் தலையில் வைக்கும் தாங்குகட்டை) மேல் போதிகையாக அடுக்கிக் கூரையைத் தாங்கும் அந்த அமைப்பை ஒருமுறை கையால் வரைந்துவிடுங்கள்.