கலப்பினத்தில் பிறந்த செடி இனமா? ஜீனோமிடம் (அதன் முழு டிஎன்ஏவிடம்) கேட்பது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: என் செடியின் இலை, பூ இரண்டும் வேறு இரண்டு இனங்களுக்கு நடுத்தரமாக இருக்கின்றன. கலப்பினம்தானே?

தோற்றத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பொது மூதாதையே அப்படி இருந்திருக்கலாம். கலப்பில் பிறந்தவை நடுவில்தான் நிற்கும் என்பதும் இல்லை. ஹீலியாந்தஸ் அனோமலஸ் என்ற காட்டுச் சூரியகாந்தி மணல்மேட்டில் வளர்கிறது, இன்னொரு காட்டுச் சூரியகாந்தியான பாரடாக்ஸஸ் உப்புச் சதுப்பில் வளர்கிறது. இவற்றின் பெற்றோர் என்று சொல்லப்படும் ஆனுவஸும் பெட்டியோலாரிஸும் அங்கே தாக்குப்பிடிக்காது.

கேள்வி: ஒவ்வொரு மரபணுவும் ஒவ்வொரு குடும்ப மரம் காட்டுகிறது. இது போதாதா?

போதாது, பலர் சறுக்குவது இங்கேதான். மூதாதையிடம் இருந்த பழைய வேறுபாடுகள் இனம் பிரிந்த பிறகும் கலைந்து கிடந்தால், கலப்பே நடக்காமலும் மரங்கள் முரண்படும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு. அ, ஆ நெருங்கிய உறவுகள், இ கொஞ்சம் தள்ளி, நான்காவதாக ஒரு தூரத்து இனம். தூரத்து இனத்தில் இருப்பதைப் பழைய எழுத்தாக வைத்துக்கொண்டு, புதிய டிஎன்ஏ எழுத்தை ஆவும் இயும் மட்டும் பகிரும் இடங்களை எண்ணுங்கள், அப்புறம் அவும் இயும் மட்டும் பகிரும் இடங்களை எண்ணுங்கள். பழைய மிச்சம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். ஒரு பக்கம் தெளிவாக மிஞ்சினால் மரபணு எங்கோ கைமாறியிருக்கிறது. ஏபிபிஏ-பிஏபிஏ சோதனை என்பது இதுதான், 2010இல் நியாண்டர்தால் ஜீனோம் ஆய்வில் பிரபலமானது.

கேள்வி: ஒவ்வொரு செடியின் ஜீனோமிலும் எந்தக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் அட்மிக்ஸ்சர் படத்தில் பாதிக்குப் பாதி நிறம் வருகிறது?

துப்பு, ஆதாரம் இல்லை. எண்ணிக்கை திடீரென்று சுருங்கிய கூட்டம்கூட அந்தப் படத்தை ஏமாற்றிவிடும்.

கேள்வி: சரி, கலப்பு உறுதியாகிவிட்டது. கலப்பில் பிறந்த புது இனம் என்று எழுதலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இனம் முன்பே தோன்றியிருந்து, பிறகு பக்கத்து இனத்திலிருந்து கொஞ்சம் மரபணு கசிந்து வந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு பக்கம் அதேபோல மிஞ்சும். 2014இல் ஷூமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று நிபந்தனை வைத்தார்கள்: கலப்பு நடந்திருக்க வேண்டும், பெற்றோரிடமிருந்து இனப்பெருக்கத் தடை இருக்க வேண்டும், அந்தத் தடையே கலப்பால் வந்திருக்க வேண்டும். மூன்றாவதைக் காட்டுவதுதான் கஷ்டம், எனக்கு அதுதான் உரைகல். தடையை உண்டாக்கும் ஜீனோம் பகுதிகள் எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தன என்று துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். துண்டுகளின் நீளமும் பேசும்: தலைமுறை கூடக் கூட மறுசேர்க்கை (குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) அவற்றை நறுக்கிக்கொண்டே போகும், ஆகவே நீளத் துண்டுகள் சமீபத்திய கலப்பைக் காட்டும்.

கேள்வி: குரோமோசோம் இரட்டித்த இனங்களில் இது சுலபமா?

நிறையவே. டிராகோபோகன் மிசெல்லஸ் என்ற செடியில் 24 குரோமோசோம், பெற்றோரான பிரடென்சிஸ், டூபியஸ் இருவருக்கும் தலா 12. பெற்றோர் ஜீனோம்கள் இரண்டும் உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அப்புறம் தாய்வழியாக வரும் குளோரோபிளாஸ்ட் (இலையின் பச்சையம் இருக்கும் உறுப்பு) டிஎன்ஏ தாய் யார் என்று சொல்லிவிடும். பிரடென்சிஸ் தாயானால் பூவிதழ் குட்டை, டூபியஸ் தாயானால் நீளம். ஒரே இனம் பலமுறை தனித்தனியாகப் பிறந்திருக்கிறது என்பது இப்படித்தான் தெளிவானது.

கேள்வி: எத்தனை மாதிரி எடுக்கட்டும்?

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். பெற்றோர் இனங்களைப் பல இடங்களிலிருந்து எடுங்கள், முக்கியமாகச் சந்தேகச் செடி இல்லாத இடங்களிலிருந்து. மூன்றும் சேர்ந்து வளரும் ஒரே தோப்பில் எடுத்தால் இன்று நடக்கும் கலப்பும் பழைய கலப்பும் குழம்பிவிடும்.