வார விடுமுறையில் வெளியே போவது வீண்செலவா?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மூன்று வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய எஸ்லிங்கனில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சம்பளம் கைக்கு 4,100 யூரோ. பாப்பாவுக்கு நாலு வயசு. அவள் பேரில் அரசு தரும் 259 யூரோவும் வருகிறது. மாதம் 500 யூரோ ஊருக்கு அனுப்புகிறோம். சனி, ஞாயிறு ஆனால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விட்டு வருவோம். அதற்கு 280 யூரோ வரை ஆகிறது. கடைசியில் சேமிப்பென்று 300 யூரோதான் நிற்கிறது. "ஊர் சுத்தற காசைச் சேத்தி வெச்சிருந்தா ரெண்டு ஏக்கர் தோட்டம் வாங்கியிருக்கலாம்" என்று மாமா (வீட்டுக்காரரின் அப்பா) சொல்கிறார். வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் 80 லட்சத்துக்கு வந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் எங்கே போனாலும் எனக்கு மனசு உறுத்துகிறது. வெளியே போவதை நிறுத்திவிட்டு, கடன் வாங்கித் தோட்டத்தை முடித்துவிடலாமா?

பதில்: முதலில் மாமா சொன்ன கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். மாதம் 280 யூரோ என்றால் வருடத்துக்கு 3,360. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தால் மூன்றே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு இடத்துக்கும் போகாமல், ஒரு ஐஸ்கிரீம்கூட வாங்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்து சேர்த்தாலும் 80 லட்சத்தைத் தொட ஏறக்குறைய 24 வருடம் ஆகும். அதற்குள் பாப்பாவுக்கு 28 வயசு. தோட்டம் வாங்க முடியாமல் போனதற்கு உங்கள் சனி, ஞாயிறு காரணமே இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

காசு எங்கே போகிறது என்பது நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியலிலேயே இருக்கிறது. வாடகை 1,400, சாப்பாட்டுச் செலவு 600, பாப்பாவின் மழலையர் பள்ளி 380, உங்கள் இருவரின் ஜெர்மனி டிக்கெட் (பஸ், ரயிலுக்கான மாதச் சீட்டு) 126, போன், இன்டர்நெட், காப்பீடு எல்லாம் சேர்த்து 200. ஊருக்கு 500, வெளியே போக 280. இவ்வளவும் போக 870 யூரோவாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சுவது 300. மீதி எங்கே? போன வருடம் ஊருக்கு வந்துபோன செலவைத் தனியாக எழுதியிருக்கிறீர்கள்: மூன்று விமான டிக்கெட், ஒரம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) வாங்கின சாமான்கள், இரண்டு கல்யாணத்துக்கு மொய், நாத்தனார் வீட்டுச் சீர், எல்லாம் சேர்த்து 4,800 யூரோ. மாதக் கணக்கில் பிரித்தால் 400. காணாமல் போனதில் பெரும்பகுதி இதுதான். ஆனால் அது வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாராவாரம் போகிற 60, 70 யூரோதான் கண்ணில் குத்துகிறது.

ஊருக்கு வராதீர்கள், சீர் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, சம்பளம் வந்த அன்றே 350 யூரோவை அதில் போட்டுவிடுங்கள். அதில் இருப்பதற்குள் டிக்கெட்டும் சீரும் முடிய வேண்டும். வெளியே போவதற்கும் இதேபோல ஒரு கணக்கு: 280-ஐ 300 ஆக்கிக்கொள்ளுங்கள். குறைக்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கூட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பாப்பாவுக்கு ஆறு வயசு ஆகும்வரை பஸ்ஸிலும் ரயிலிலும் டிக்கெட் கிடையாது. நீங்கள் இருவரும் மாதம் 63 யூரோ டிக்கெட் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள். அதை வேலைக்கும் கடைக்கும் மட்டும் பயன்படுத்தினால்தான் நஷ்டம். அதிவேக ரயிலைத் தவிர, வட்டார ரயில் போகிற இடமெல்லாம் அதே டிக்கெட்டில் போகலாம். ஸ்டுட்கார்ட்டில் ஏறினால் உல்ம் வழியாகப் போடன்சே ஏரிக்கரையில் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் வரை ஒரே ரயில். கூடுதலாக ஒரு சென்ட் செலவில்லை. காலையில் அரிசிம்பருப்புச் சோறு கிளறி ஹாட்பாக்ஸில் போட்டுக்கொண்டால் மதியச் செலவும் முடிந்தது. ஜூன் மாதம் காசு கொடுத்து நாமே பறித்துக்கொள்கிற ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் அந்தப் பக்கம் நிறைய. பண்ணையக் குடும்பத்துப் பிள்ளை, ஒரு தடவை கூட்டிப்போங்கள். ஸ்டுட்கார்ட் வில்ஹெல்மா விலங்குக் காட்சிச்சாலை மாதிரி அடிக்கடி போகிற இடத்துக்கு வருடச் சீட்டு வாங்குவது லாபமா என்று ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஜெர்மனியில் பள்ளிக்கூடம் கட்டாயம். உங்கள் மாநிலத்தில் ஜூன் 30-க்குள் ஆறு வயசு முடிகிற குழந்தை அந்த செப்டம்பரில் பள்ளியில் சேர வேண்டும். சேர்ந்த பிறகு, டிக்கெட் விலை குறைவாக இருக்கிறதென்று பிப்ரவரியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வர முடியாது; அபராதம்கூட விதிப்பார்கள். பள்ளி விடுமுறையில்தான் வர வேண்டும். அந்த நாட்களில்தான் விமான டிக்கெட்டும் தங்குமிட வாடகையும் உச்சத்தில் இருக்கும். அதனால் ஊருக்கு வருவதானாலும் ஐரோப்பாவைச் சுற்றுவதானாலும், உங்களுக்குக் குறைந்த செலவில் முடிவது இந்த ஒன்றரை, இரண்டு வருடம்தான். தள்ளிப்போட்டால் இதே பயணங்களுக்கு அதிகம் கொடுப்பீர்கள்.

யூரோவை நூறால் பெருக்குவதையும் விட்டுவிடுங்கள் அம்மிணி. இரண்டு யூரோ ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு "இருநூறு ரூபாயா" என்று நீங்கள் முகம் சுளித்தால் பாப்பாவுக்கு அது புரியும். சம்பாதிப்பது யூரோ, வாடகை கொடுப்பது யூரோ. ஐஸ்கிரீமுக்கு மட்டும் ஏன் ரூபாய்? ஊருக்கு அனுப்புகிற பணத்தை மட்டும் ரூபாயில் பாருங்கள்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இந்தியாவில் விவசாய நிலம், எஸ்டேட், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. வீடு, ஃபிளாட், கடை வாங்கலாம். பரம்பரையாக வருகிற காடு தோட்டத்தை வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஆக, உங்கள் வீட்டுக்காரர் பேரிலோ உங்கள் பேரிலோ அந்த இரண்டு ஏக்கரைக் கிரயம் செய்ய முடியாது.

"என் பேர்ல வாங்கிக்கலாம், பணத்தை அனுப்புங்க" என்று மாமா சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்வார். ஆனால் அவர் பேரில் கிரயம் ஆனால் அது அவருடைய சொத்து. உயில் எழுதாமல் விட்டால் அத்தைக்கும், உங்கள் வீட்டுக்காரருக்கும், அவர் கூடப்பிறந்தவர்களுக்கும் சம பங்கு. பணம் கொடுத்தது யார் என்று பத்திரத்தில் இருக்காது. இந்த ஒரு விஷயத்தால் அண்ணன் தங்கச்சி பேச்சுவார்த்தையே இல்லாமல் போன குடும்பங்கள் நம்ம பக்கத்தில் எத்தனையோ இருக்கின்றன. கடன் கணக்கும் ஒத்துவராது: 80,000 யூரோவைப் பத்து வருடத்தில் அடைத்தால் அசல் மட்டுமே மாதம் 667 யூரோ, வட்டி தனி. உங்களிடம் நிற்பது 300. வேண்டாம்.

தோட்டத்து ஆசை தப்பில்லை. வாய்க்கால் தண்ணி பாய்கிற மண் என்றால் நமக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஊருக்கே திரும்பி வந்து இங்கே குடியிருக்கும்போது உங்கள் பேரிலேயே வாங்கலாம். அதற்கு, எப்போது திரும்புகிறீர்கள் என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அங்கே குறைந்தது 60 மாதம் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டியிருந்தால் பிற்காலத்தில் ஓய்வூதிய உரிமை உண்டு. மூன்று வருடம் முடித்தவர்கள், ஐந்தாவது வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கிளம்பிவிடாதீர்கள்.

அதுவரை செய்ய வேண்டியது: மூன்று மாதச் செலவையும், அவசரத்துக்கு ஊருக்கு வர மூன்று டிக்கெட்டுக்கான பணத்தையும் அங்கேயே வங்கியில் வையுங்கள். மாமா, அத்தை இருவருக்கும் நல்ல மருத்துவக் காப்பீடு எடுங்கள். அனுப்புகிற 500-இல் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ஊரில் பழைய சேமிப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றியாக வேண்டும். செல்வமகள் சேமிப்புத் திட்டம், பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இரண்டையும் வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்க முடியாது. என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போடுவது) வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியில் வசிப்பவர் உலகில் எங்கே வருமானம் வந்தாலும் அங்கே காட்ட வேண்டும். தம்பதிக்கு வருடம் 2,000 யூரோ வரையான வட்டிக்கும் முதலீட்டு லாபத்துக்கும் வரி இல்லை. உங்கள் தொகைக்கு அது போதும். காட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாமாவிடம் என்ன சொல்வது? முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள். வாக்குவாதம் பாதி அதிலேயே குறையும். அப்புறம், அடுத்த வருடம் நீங்கள் ஊருக்கு வருவதற்குப் பதில் மாமாவையும் அத்தையையும் மே மாதம் அங்கே வரவழையுங்கள். மூன்று டிக்கெட்டுக்குப் பதில் இரண்டு. விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். 90 நாள் வரை தங்கலாம். போன வருடம் நீங்கள் செலவழித்ததைவிடக் குறைவாகவே ஆகும். உங்கள் வீட்டுக்காரரைச் சின்ன வயசில் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போனவர் அவராகத்தான் இருக்கும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று அவரிடமே கேளுங்கள். விசாவுக்கு நேரம் கிடைக்கத் தாமதமாகலாம். ஜனவரியிலேயே விண்ணப்ப வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.