போலீஸ் வந்தது, சரக்கைக் காணோம்

கேள்வி: என் மகள் குடும்பம் கனடாவில் கால்கரியில் இருக்கிறது. போன வாரம் ஃபோர்ட் மெக்ளவுட் என்கிற சின்ன ஊருக்குப் போய் மரக்கோட்டை, சிவப்புக் கோட்டு போட்ட குதிரைக்காரர்கள் என்று வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளிவிட்டாள். அங்கே ராஜா ஏது, கோட்டை ஏது?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: ராஜா இல்லை அம்மா, போலீஸ். செஞ்சியை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், மரக்கட்டைகளை வரிசையாக நட்டு நடுவில் கொட்டகை போட்டால் அங்கே அது கோட்டை. மகள் பார்த்தது பிற்காலத்தில் அருங்காட்சியகமாகக் கட்டிய நகல். அசலை 1874ல் ஓல்ட்மேன் ஆற்றின் நடுவே ஒரு தீவில் கட்டினார்கள், வெள்ளத் தொல்லை தாங்காமல் பத்தே வருடத்தில் இடம் மாறினார்கள். (வேளச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.)

அந்த வனாந்தரத்தில் போலீஸுக்கு என்ன வேலை? சாராயம்தான். அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து வியாபாரிகள் எல்லை தாண்டி வந்து, பிளாக்ஃபுட் பழங்குடிகளிடம் காட்டெருமைத் தோலை வாங்கிக்கொண்டு விஸ்கி கொடுத்தார்கள். பெயர்தான் விஸ்கி, சாராயத்தில் தண்ணீரை ஊற்றி மெல்லும் புகையிலை, மிளகாய், வெல்லப்பாகு என்று கையில் கிடைத்ததைப் போட்டுக் கலக்கியது. இதை ஒழிக்க 1873ல் குதிரைப் போலீஸ் படை ஒன்றை உருவாக்கி, மறு வருடம் ஜூலையில் மானிடோபாவிலிருந்து சுமார் 275 பேரை மேற்கே அனுப்பினார்கள். வழி தெரியாமல், தண்ணீர் கிடைக்காமல், குதிரைகள் செத்து விழ, கடைசியில் ஜெர்ரி பாட்ஸ் என்பவர்தான் வழிகாட்டினார். அம்மா பழங்குடி, அப்பா வெள்ளைக்காரர். அக்டோபரில் ஹூப்-அப் என்ற விஸ்கிக் கோட்டைக்குப் போய் மெக்ளவுட் என்ற அதிகாரி கதவைத் தட்டினால், சரக்கு எப்போதோ கிளம்பிவிட்டது! உள்ளே இருந்த ஆள், சாப்பிட வாங்க என்று கூப்பிட்டாராம். நம்ம ஊர் ரெய்டு மாதிரியேதான்.

ஆனாலும் சாராய வியாபாரம் அடங்கியது, பழங்குடித் தலைவர் குரோஃபுட்டும் போலீஸை வரவேற்றார். சரி, அப்புறம்? 1877ல் பழங்குடிகள் தங்கள் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதிய ஏழாம் ஒப்பந்தம், சில வருடத்திலேயே காட்டெருமை மந்தைகள் காலி, பட்டினி. பழங்குடிகளை ஒதுக்கிய நிலத்துக்குள் அடைத்துவிட்டு, குடியேற வந்தவர்களுக்கு 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் கொடுத்தது அரசு. மூன்று வருடம் தங்கி உழுதால் சொந்தம். நம் கணக்கில் 2,900 கிரவுண்டு. மயிலாப்பூரில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்!

உபகேள்வி: 'ஹெட்-ஸ்மாஷ்ட்-இன்' என்று ஒரு போர்டின் படமும் வந்தது. தலை நசுங்கியதா? ஊர்ப் பெயரா இது?

பதில்: ஊர் இல்லை, பாறை முகடு. ஃபோர்ட் மெக்ளவுட்டிலிருந்து 18 கிலோமீட்டர்தான். காட்டெருமைக் கூட்டத்தை விரட்டிக்கொண்டு வந்து விளிம்பிலிருந்து கீழே விழ வைத்து அந்தக் காலத்தில் பழங்குடிகள் வேட்டையாடினார்கள், ஏறக்குறைய 6,000 வருடம் முன்பே தொடங்கிய பழக்கம். வேடிக்கை பார்க்க ஒரு பையன் அடியில் போய் நின்றானாம், மேலே எருமைகள் குவிந்து மண்டை நசுங்கிப் போனது என்பது பிளாக்ஃபுட் கதை. 1981ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நீங்கள் போகும்போது அங்கேயும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். காற்று பேயாய் அடிக்கும், காதுக்கு மஃப்ளர் மறக்க வேண்டாம்.